இல்லாத கோடு

மூன்று வரிசையில் கோடு விழுந்திருந்தது.
நான்காவதில் இல்லை.
ஜெல்லில் கோளாறோ என்று மறுபடி ஓட்டினேன்,
செவ்வாய் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை.
ஓல்டு ஜெயில் ரோட்டில் ஹார்பருக்குப் போகும் லாரிகள்
உறுமிக்கொண்டு நின்றன,
மூன்றாம் மாடியில் என் மேசை கூடவே அதிர்ந்தது.
மூன்று முறையும் அந்த இடம்
கழுவிவிட்ட தரை மாதிரி.

அந்தப் புரதத்துக்கு இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான் பெயர்,
பஸ் ரூட் போல.
எலக்ட்ரானை வாங்கி அடுத்த கைக்குத் தரவேண்டும்.
அவ்வளவுதான் வேலை.
ஆள் வரவில்லை என்றால் மூட்டை தண்ணீரில்.

மைட்டோகாண்ட்ரியா, செல்லின் மின்நிலையம்
என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தேன்.
எர்ணாவூர்க்காரி எனக்கு
மின்நிலையம் என்றால் சாம்பல்.
மாடியில் காய்ந்த சீருடையை
உதறித்தான் போட்டுக்கொள்வேன்.

தேசப்பன், வயது முப்பத்துநாலு.
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர்.
முதலில் இமை இறங்கியது;
குடித்துவிட்டு வருகிறான் என்று நிறுத்திவிட்டார்கள்.
பிறகு கழுத்து. பிறகு தோள். பிறகு படிக்கட்டு.
தொடையிலிருந்து சுண்டு விரல் நகமளவு சதை எடுத்து
சாயமேற்றிப் பார்த்தேன்:
இழையின் ஓரமெல்லாம் சிவப்பு அப்பிக் கிடந்தது.
எரியவில்லை எரியவில்லை என்று
அடுப்புமேல் அடுப்பாய் அடுக்கியிருக்கிறது செல்.

போன மார்கழியில் இருமியபோது
விலா எலும்பு உடைந்தது.
வெறும் இருமல். யாரும் கை வைக்கவில்லை.
எலும்பைத் தசை இழுத்துக்கொண்டே இருக்கவேண்டும்.
இழுப்பு நின்றால்
கட்டுகிறவர்கள் கிளம்பிவிடுவார்கள்,
இடிக்கிறவர்கள் மட்டும் ஷிப்ட் பார்ப்பார்கள்.
ஸ்கேன் தாளில் மைனஸ் மூன்று புள்ளி நான்கு.
'அடர்த்திக் குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டச் சொன்னார்
அவருடைய அம்மா பூங்காவனம்.
தாய்வழி என்ற சொல்லில் கையைப் பிடித்தார்.
"என்னாண்டேர்ந்தா?"
ஆமாம்மா. ஆனா நீங்க ஒண்ணும் செய்யல.
"பால் குட்த்தேனே, அதுலயா?"
பாலுக்கெல்லாம் முன்னாடி.
நீங்க உங்கம்மா வயித்துல இருந்தப்பவே.

அழுவார் என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன்.
அவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.
"அப்டீன்னா என் தங்கச்சி பொண்ணு குணபூஷணி.
அவளுக்கும் கண்ணு சொருவும்,
தூங்குமூஞ்சின்னு கூப்புடுவோம்.
இட்டுனு வரட்டா?"
படிவத்தின் பின்பக்கத்தில்
அவர் சொல்லச் சொல்ல வட்டம் வரைந்தேன்,
வட்டத்திலிருந்து வட்டத்துக்குக் கோடு.
தாள் போதவில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள் ராத்திரி
கரண்ட் போனது. ஜெனரேட்டரில் டீசல் இல்லை.
மைனஸ் எண்பது ஃப்ரீசர் கத்த ஆரம்பித்தது.
எழுபத்தாறு. எழுபத்தொன்று.
உள்ளே தேசப்பனின் அந்த நகமளவு,
இன்னும் நூற்றுப்பதினேழு பேருடையது.
வாட்ச்மேன் காசிமேட்டுக்காரர்,
யாருக்கு போன் போட்டாரோ தெரியாது.
பதினொன்றரைக்கு
நாலு மீன் கூடை நிறைய உடைத்த ஐஸ்
இரண்டு பையன்கள் தலையில் ஏறி வந்தது.
கீழே முதல் திருப்பத்திலேயே
உட்கார்ந்துவிட்டிருந்தார் தேசப்பன்,
ஒரு விரலால் இமையைத் தூக்கிப் பிடித்தபடி.
"மேடம், என் துண்டு பத்திரமா?
நல்லா அமுக்கிப் போடச் சொல்லு,
காத்து பூந்தா கரைஞ்சிரும்."

ஐஸ் பூஜ்ஜியம் டிகிரி.
என் குழாய்களுக்கு அது அடுப்பு.
சொல்லவில்லை.
ஃப்ரீசர் கதவைத் திறக்காமல்
சுற்றிலும் அமுக்கி அமுக்கி வைத்தோம்.

மைனஸ் ஐம்பத்தெட்டில் கரண்ட் வந்தது.
காலையில் தாழ்வாரமெல்லாம் கவுச்சி.
துடைக்க வந்த அம்மா
யாருடி இங்கே மீன் கழுவினது என்று
என்னைத்தான் திட்டினாள்.